கெட்டிமேளத்துக்கு முந்தின குரல்

ஜன்னல் சீட்டு எனக்கு இருக்கட்டும் தம்பி, கோவிச்சுக்காதீங்க. காத்துக்காகக் கேக்கல. இடது பக்கம் ஆள் உக்காந்தா எனக்கு ஆகாது. இடது காதுகிட்ட யாராவது மூச்சு விட்டாக்கூட உடம்பு தூக்கிப் போடுது. இப்படி உக்காந்தா இந்தப் பக்கம் கம்பியும் ரோடும்தான். நீங்க எனக்கு வலது பக்கம். பேசலாம், நல்லாக் கேக்கும். எங்க, ராஜபாளையமா? நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கிருவேன். இறங்கும்போது இதை மட்டும் ஒரு கை பிடிச்சு விடுங்க.

இதுவா? ஆம்ப்ளிஃபயர். ஹோம் தியேட்டர்னு சொல்றாங்கல்ல, சுத்தி அஞ்சு ஸ்பீக்கரு, கீழ ஒரு பெரிய பாஸ் பெட்டி, அத்தனைக்கும் இதுதான் தலை. மேல கேரியர்ல வைக்கச் சொன்னாரு கண்டக்டர். அதுக்கு மட்டும் சம்மதிக்கல. மடியிலேயே இருக்கட்டும். கனம்தான், முட்டி கழண்டுரும்போல இருக்கு. மதுரைக்கு ரிப்பேருக்குக் கொண்டு போனேன். ரிப்பேரே இல்லைன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அதான் எரிச்சல். நின்னு போற சாமானை நிக்கிறதுதான் சரின்னு சொன்னா, எரிச்சல் வருமா வராதா?

என் பேரு சொர்ணவேல். பெயிண்டு, பைப்பு, ஆணி, கதவுக் கொண்டின்னு ஒரு கடை வச்சிருக்கேன். லோடு இறக்குறவன்லேருந்து மேஸ்திரி வரைக்கும் கத்திப் பேசினாத்தான் வேலை நடக்கும். அதனால என் குரலே இப்படித்தான். முன் சீட்டு அம்மா திரும்பிப் பாக்குறாங்க பாருங்க. நான் மெதுவாப் பேசுறதா நெனச்சுத்தான் பேசிட்டு இருக்கேன்.

இதுல கோளாறு என்னன்னா, பாட்டுப் போட்டா ஓடும். சினிமா போட்டா ஓடும், சண்டைக் காட்சி வந்தாலும் அசராது. ஒரே ஒரு வீடியோ, அதுல ஒரே ஒரு இடம். அங்க வந்ததும் உள்ள 'டக்'னு ஒரு சத்தம். முகப்புல சிவப்பா எழுத்து எரியும், புரொடெக்ட்னு. அத்தோட சத்தம் செத்துரும். படம் மட்டும் ஓடும். வாய் அசையும், கை அசையும், மேளக்காரன் கை பறக்கும், ஒரு சத்தம் இருக்காது. அதைப் பாக்கிறதுதான் தம்பி... இருங்க, முறையாச் சொல்றேன்.

அது என் மகள் கல்யாண வீடியோ.

ஒரே மக. தாரணி. பி.காம். படிச்சவ. திண்டுக்கல்லுல நல்ல இடம், மாப்பிள்ளைக்கு மில்லுல நல்ல வேலை. ஆவணி மாசம் கல்யாணம், ஊரே மூக்குல விரலை வச்சுச்சு. தலை தீபாவளிக்கு என்ன வேணும்னு மாப்பிள்ளையைக் கேட்டேன். ஹோம் தியேட்டர்னாரு. மதுரையில இருக்கிறதுலேயே நல்லதாப் பாத்து வாங்கிக் குடுத்தேன். இதோ, இதுதான் அது. என் மடிக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்குறீங்களா? சீரெல்லாம் திரும்பி வந்துருச்சுல்ல.

சீர் திரும்பி வந்தா வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாது தம்பி, தெரியவும் வேணாம். போன ஆடியில ஒரு டெம்போ வந்து வாசல்ல நின்னுச்சு. முன்னால டிரைவர் பக்கத்துல தாரணி. பின்னால நான் குடுத்த கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், குத்துவிளக்கு, இந்தப் பெட்டி. ஊரே பாக்குது. இப்ப எங்க வீட்டுல எல்லாமே ரெண்டு. ரெண்டு பீரோவுக்கு நடுவுல உடம்பை ஒடுக்கித்தான் அடுப்படிக்குப் போகணும். அவ வலது மணிக்கட்டு ஒரு பக்கமாத் திரும்பி இருந்துச்சு. எலும்பு சரியா ஒட்டலையாம். படியில விழுந்தியாம்மான்னு கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அப்படின்னா விழுந்ததுதானே?

என் வீட்டுக்காரி இந்திராணி இதையெல்லாம் பாக்கல. கல்யாணத்துக்கு அடுத்த பங்குனியிலேயே போயிட்டா. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்கூட இல்ல. நல்லாப் பேசுவா தம்பி. சாப்பாடு போடும்போது என் இடது பக்கமா உக்காந்துக்குவா, ஊர்க்கதை, தெருக்கதை, டிவியில வந்தவ கதை, ஓயாது. மக கல்யாணத்தோட அந்தப் பேச்சு நின்னு போச்சு. சாப்பிட வாங்க, கதவைச் சாத்துங்க, மாத்திரை போட்டாச்சா. அவ்வளவுதான். தட்டை வச்சுட்டு உள்ள போயிருவா. ஒத்தைப் பிள்ளையைக் கட்டிக் குடுத்தா வீடு வெறிச்சுன்னுதான் இருக்கும், அந்தக் கவலைன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு வகையில எனக்கும் அது நிம்மதியாத்தான் இருந்துச்சு. கடையிலதான் நாள் முழுக்கச் சத்தமாச்சே.

திரும்பி வந்தவளும் அம்மா மாதிரியே. மாடி அறையில இருப்பா, கேட்டதுக்குப் பதில். நானும் விட்டுட்டேன், தானா சரியாகும்னு. இந்த ஐப்பசி மழை பிடிச்ச சமயம், ஒரு மத்தியானம் சாப்பிட்டுட்டு இருக்கேன். எதிர்ல வந்து நின்னா.

"அப்பா, அம்மா உங்ககிட்ட சொன்னாங்கல்ல?"

என்ன சொன்னான்னு கேட்டேன்.

"மேடையில. தாலி கட்டுறதுக்கு முன்னாடி உங்க காதுல வந்து சொன்னாங்கல்ல. சொல்லிட்டேன்னுதான் என்கிட்ட சொன்னாங்க. உங்களுக்குக் கேட்டுச்சா கேக்கலையா? எனக்கு அது ஒண்ணு மட்டும் தெரியணும்."

கல்யாண வீட்டுல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்வாங்க, எதை ஞாபகம் வைக்கிறதுன்னேன். அதுக்கு அவ சத்தமே போடல. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்கப்பா, நம்பிக்கிறேன், இங்கயே உங்களோடயே இருந்துக்கிறேன்னா. கேட்டுச்சுன்னா, திருப்பூர்ல ஒரு கம்பெனியில கணக்குப் பாக்கக் கூப்பிடுறாங்க, போயிருவேன்னா.

போயிட்டான்னா எனக்கு யாரு தம்பி இருக்கா? ரெண்டு பீரோவும் நானும்தான். எனக்குப் பயமாப் போச்சு, மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. ஆனா நான் வாய்க்கு வந்ததைச் சொல்ற ஆளு இல்ல. கடையில ஒருத்தன் பெயிண்ட் கலர் சரியில்லைன்னு வந்தாலும் டப்பாவைத் திறந்து பாத்துட்டுத்தான் பேசுவேன். வீடியோ இருக்கு, போட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்னேன். அவ என்னையே பாத்தா. சரிப்பா, பாத்துட்டே சொல்லுங்கன்னுட்டு மாடிக்குப் போயிட்டா.

வீடியோவுல அது எப்படிப் பதிவாகியிருக்கும்னு கேளுங்க. இப்ப கல்யாண வீடியோ எடுக்கிற பசங்க சும்மா எடுக்குறதில்ல. பொண்ணோட அப்பா கண் கலங்குறது, தொண்டை அடைக்கிறது எல்லாம் வேணுமாம். காலையிலேயே என் சட்டைக் காலர்ல ஒரு சின்ன மைக்கைக் குத்தி விட்டுட்டான். இருக்கிறதே தெரியல. அதனால என் காதுல யாரு எதைச் சொன்னாலும் அதுல இருக்கணும். இருக்குல்ல, அதான் விஷயம்.

படத்துல என்ன தெரியும்னா, மணவறை. அய்யர். மாப்பிள்ளை. தாரணி குனிஞ்சு உக்காந்திருக்கா, வலது கையில வளையலையெல்லாம் மேல தள்ளி விட்டிருக்கா. மணிக்கட்டுல கன்னிப்போன மாதிரி ஒரு நெறம். மருதாணி ஒத்துக்கலைன்னு நெனச்சேன் அப்ப. மேடை ஓரத்துல நான். எனக்குப் பின்னால இந்திராணி வர்றா. கூட்டத்தை விலக்கிட்டு வேகமா வர்றா, அவ அப்படி வேகமா நடந்து நான் பாத்ததே இல்ல. வந்து என் இடது தோள்ல கையை வச்சு, குனிஞ்சு, காதுகிட்ட வாயைத் திறக்குறா. அவ்வளவுதான். அடுத்து கெட்டிமேளம்.

கெட்டிமேளம் எதுக்குன்னு தெரியும்ல? தாலி ஏறுற நேரத்துல தும்மல், அழுகை, ஆகாத பேச்சு எதுவும் யாரு காதுலயும் விழக்கூடாது. அதுக்குத்தான் நாலா பக்கமும் விரலை ஆட்டி வாசிக்கச் சொல்றது. வழக்கமா அய்யர் தலையாட்டினப்புறம்தான் சொல்வாங்க. அன்னைக்கு நான் கொஞ்சம் முந்திக்கிட்டேன். அய்யர் தாலியைத் தட்டுலேருந்து இன்னும் எடுத்து முடிக்கல. வீடியோவுல பாத்தா அவரு என்னைத் திரும்பிப் பாக்குறாரு, என்னய்யா அவசரம்ங்கிற மாதிரி. நல்ல நேரம் போயிருமேன்னு பதட்டம் தம்பி. பொண்ணைப் பெத்தவனுக்குத்தான் அந்தப் பதட்டம் தெரியும். இந்திராணி எப்பவுமே வேண்டாத நேரத்துலதான் எதையாவது தூக்கிட்டு வருவா. பந்தியில சாம்பார் பத்தலைன்னு சொல்ல வந்திருப்பான்னு நெனச்சேன். நெனச்சேன்னா, காதுல விழல, அதனால அப்படி நெனச்சுக்கிட்டேன்.

டி. கல்லுப்பட்டி வந்துருச்சா? டீக்கு நிறுத்துறான். எஞ்சினை எதுக்கு அணைக்கிறான் இந்த ஆளு? ஓட விட்டா என்ன, டீசல் இவன் வீட்டுதா? தம்பி, டீ குடிக்க எந்திரிச்சுராதீங்க. இங்கயே இருங்க, ஏதாவது பேசிட்டு இருப்போம். உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? இல்லையா? நல்லது. அவசரப்படாதீங்க. உங்க ஊர்ல மழை எப்படி? எங்களுக்கு இந்தத் தடவை நல்ல மழை. கண்மாய் நெறைஞ்சிருக்கு. ரொம்ப நல்ல மழை... வந்துட்டானா? எடுத்துட்டான். அப்பாடா.

பைத்தியம்னு நெனக்காதீங்க. எனக்கு இப்ப ஒரு மாசமா இப்படி ஆயிருச்சு. கடையில பெயிண்ட் குலுக்குற மெஷின் ஒண்ணு இருக்கு, டப்பாவை மாட்டி விட்டா தடதடன்னு குலுக்கும். பெரிய சத்தம். அது ஓடுற வரைக்கும் ஒண்ணும் இல்ல. நின்ன உடனே, அந்த அமைதியில, இடது காதுகிட்ட "என்னங்க"ன்னு கேக்குது. இந்திராணி குரல். மூச்சு சூடாப் படுது தம்பி. திரும்பிப் பாத்தா சுவரு. அதனால மெஷினை நான் நிறுத்துறதே இல்ல. டப்பா இல்லாமலே ஓடுது. வேலை பாக்குற ஆளுங்க அவங்களுக்குள்ள பாத்துக்கிறாங்க. பாத்துக்கட்டும்.

என்ன சொல்லிட்டு இருந்தேன்? வீடியோ. முதல் தடவை சாதாரணமா வச்சுத்தான் போட்டேன். அவ வாயைத் திறக்குறா, முணுமுணுன்னு என்னவோ கேக்குது, நாதஸ்வரத்துல கரைஞ்சு போகுது. தாரணி மாடிப்படியில வந்து உக்காந்திருந்தா. சரி, அவளும் கேக்கட்டும், எதுவுமே கேக்கலைன்னு அவளுக்கே தெரியட்டும்னு சத்தம் கூட்டுற திருகை முழுக்கத் திருப்பி வச்சேன். படத்துல இந்திராணி வாயைத் திறந்தா. நான் கத்தின கத்துல... மேளம் போட்ட சத்தத்துல வீடே அதிர்ந்துச்சு. ஜன்னல் கண்ணாடி நடுங்குச்சு. அப்புறம் டக். சிவப்பு எழுத்து. கருகின வாடை.

சத்தம் போயிருச்சு, படம் ஓடுது. அப்பத்தான் பாத்தேன். மேளம் ஆரம்பிச்ச பிறகும் இந்திராணி பேசிக்கிட்டுத்தான் இருக்கா. நிறுத்தல. என் காதுகிட்ட வாய் அசைஞ்சுக்கிட்டே இருக்கு. நான் நேராப் பாத்துக்கிட்டு, கையை மேல தூக்கி விரலை ஆட்டிக்கிட்டு இருக்கேன். எல்லாரும் பூவும் அரிசியும் போடுறாங்க. அவ தலையில கொஞ்சம், என் தலையில கொஞ்சம். அவ தோள்லேருந்து கையை எடுத்தா. என் முகத்தைப் பாத்தா. பாத்துட்டு மெதுவாத் திரும்பிப் போறா. போகும்போது வேகமே இல்ல. அந்த முகத்தை நான் அன்னைக்குப் பாக்கல தம்பி. நான் தாலியைத்தான் பாத்துட்டு இருந்தேன். இப்பப் பாத்தேன். பாத்திருக்க வேணாம்.

தாரணி படியில உக்காந்து கேட்டா, என்னப்பா, கேட்டுச்சான்னு. மெஷின் நின்னுபோச்சும்மா, சரி பண்ணிட்டுச் சொல்றேன்னேன்.

அதுக்கப்புறம் எத்தனையோ தடவை போட்டாச்சு. மத்தியானம் கடையை அடைச்சுட்டு வந்து போடுவேன். ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே டக். முதல் நாளே முன்னால இருந்த சின்ன ஸ்பீக்கர் ரெண்டும் கருகிருச்சு. இப்ப இந்திராணி குரல் போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி வருது. பேசுறான்னு தெரியும், என்னன்னு பிரியாது. கொறைச்சு வச்சா கேக்கல. கூட்டி வச்சா நின்னுருது. இந்திராணியேதான் அணைக்கிறாளோன்னுகூடத் தோணுச்சு. எனக்குக் கேக்க வேணாம்னு அவ நெனக்கிறாளோ? இல்ல, அன்னைக்கு நான் கேக்காததுக்கு இன்னைக்குக் கேக்க விடமாட்டேங்கிறாளோ? உக்காந்து அழுதிருக்கேன் தம்பி, அந்தச் சிவப்பு எழுத்தைப் பாத்துக்கிட்டு.

அப்புறம்தான் மதுரைக்குக் கொண்டு போனேன். ஒரு பொம்பளைதான் அங்க சர்வீஸ் பாக்குறது, ஜெபராணின்னு. திறந்து பாத்தாங்க, மீட்டர் வச்சு அங்கங்க தொட்டாங்க. வயர் எங்கயாவது ஒண்ணோட ஒண்ணு உரசுதான்னு கேட்டாங்க, பெட்டி மேல துணி எதுவும் மூடி வைக்கிறீங்களான்னு கேட்டாங்க. எல்லாம் பாத்துட்டு, இதுல ஒரு குறையும் இல்ல சார்னாங்க. குறை இல்லாம எதுக்கு நிக்குதுன்னு கொஞ்சம் சத்தம் போட்டுட்டேன். அந்தம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. இதுக்குள்ள இருக்கிற கரண்டுக்கு ஒரு உசரம் உண்டாம். அதுக்கு மேல சத்தத்தைத் தூக்கச் சொன்னா, சத்தத்தோட தலை கூரையில முட்டி வெட்டுப்பட்டுருமாம். ஏறி இறங்கி வர வேண்டியது மொட்டையா வருமாம். கிளிப்பிங்னு பேரு. அந்த மொட்டைச் சத்தம்தான் சின்ன ஸ்பீக்கரைக் கருக்கினது. அதுக்கு மேலயும் அழுத்தினா, உள்ள காவலுக்கு ஒரு சர்க்யூட் இருக்கு, அது ஸ்பீக்கர் லைனைத் துண்டிச்சுருமாம். அந்த டக் சத்தம் அதுதான்.

"இது கெட்டுப் போயி நிக்கல சார், கெட்டுப் போகக் கூடாதுன்னு நிக்குது"ன்னாங்க.

அப்ப அந்தக் காவலைக் கழட்டி விட்டுருங்கன்னேன். கழட்டினா அடுத்த தடவை சத்தம் வராது, புகைதான் வரும்னாங்க. வந்தா வரட்டும், ஒரு தடவை முழுசாக் கேட்டாப் போதும்னேன். மாட்டேன்னுட்டாங்க. எனக்கு ஆத்திரம். அப்ப மேளத்தை மட்டும் கொறைக்கவாவது வழி இருக்கான்னு கேட்டேன். அதுக்குத்தான் அவங்க வீடியோவை வாங்கி, காதுல பெரிய ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டுக் கேட்டாங்க. ரெண்டு தடவை பின்னால தள்ளித் தள்ளிக் கேட்டாங்க.

"மேளத்தால இல்ல சார். மேளத்துக்கு முந்தி, மைக்குக்குப் பக்கத்துலயே ஒருத்தர் கத்துறாரு. அந்தக் குரல்லதான் ஒவ்வொரு தடவையும் கட்டாகுது."

அது நான்தான்னு நான் சொல்லல. தேவை என்ன? யாரோ ஒரு கல்யாணம், யாரோ ஒரு ஆளு. ஆனா அந்தம்மா ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு என் முகத்தைப் பாத்தாங்க, என் தொண்டையைப் பாத்தாங்க. அதுக்கப்புறம் அவங்க குரலே மாறிருச்சு. இதுக்கு ஆம்ப்ளிஃபயரே வேணாம் சார், ஃபோன்ல ஏத்தித் தர்றேன், இயர்ஃபோன்ல சத்தம் கொறைச்சு வச்சே கேக்கலாம், அந்தக் குரல் வர்ற வரைக்கும் தெளிவா இருக்குன்னாங்க. வீட்டுல போயி தனியா இருந்து கேளுங்கன்னாங்க. ஏத்திக் குடுத்துட்டு, இந்தப் பெட்டியைத் துடைச்சுக் கட்டிக் குடுத்தாங்க. ஒரு மாசமா நான் பட்ட பாடு, அது என் சட்டைப்பையில இருக்கு இப்ப.

என்ன தம்பி கேக்குறீங்க?

இல்ல, திரும்பச் சொல்லுங்க. கேட்டுச்சா கேக்கலையான்னு சொல்றதுக்கு மெஷின் எதுக்குன்னா கேக்குறீங்க? அன்னைக்கு அங்க நின்ன ஆளுக்கே தெரியாதான்னா? நீங்க இன்னும் கல்யாணம் ஆகாத பையன், மண்டபத்துல நின்னு பாத்தாத் தெரியும். முன்னூறு பேரு உங்களையே பாக்குறான். சம்பந்தி கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. அந்த நேரத்துல நிறுத்துன்னா... எதையாவது நிறுத்துன்னா, நிறுத்த முடியுமா? நான் பொதுவாச் சொல்றேன். கேட்டாலும் கேக்கலைன்னாலும் அந்த நேரத்துல யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. அதைத்தான் சொல்றேன்.

கோவம் இல்ல, விடுங்க. குரல் அப்படி. கிருஷ்ணன்கோவில் தாண்டியாச்சு, அடுத்தது எங்க ஊருதான்.

இன்னைக்குக் காலையில கெளம்பும்போது தாரணி வாசல் வரைக்கும் வந்தா. சரியானாலும் சரி, ஆகலைன்னாலும் சரி, திரும்பி வந்ததும் எனக்குப் பதில் சொல்லிருங்கப்பான்னா. நானே பஸ் ஸ்டாண்டுக்கு வர்றேன், கனத்தைத் தூக்கிட்டு நடக்காதீங்கன்னா. என் மேல பாசம் இருக்குல்ல? இல்லாமலா அப்படிச் சொல்வா? அந்தக் கையால இதைத் தூக்க முடியாது, இருந்தாலும் வர்றேங்கிறா.

அதனால உங்ககிட்ட ஒரு உதவி. கழுத்துல இயர்ஃபோன் போட்டிருக்கீங்கல்ல. இந்தாங்க ஃபோன். நீங்க கேட்டுச் சொல்லுங்க. எனக்கு இந்தப் பஸ் இரைச்சல்ல சரியாக் கேக்காது. வயசாச்சு. வீட்டுல தனியாவா? வீட்டுல தனியா என்னால முடியாது தம்பி. நீங்க மூணாவது மனுஷன், உங்களுக்கு எந்தப் பக்கமும் இல்ல. ஒண்ணும் கேக்கலைன்னு நீங்க சொல்லிட்டா நான் நேராப் போயி அவகிட்டச் சொல்லிருவேன். இதோ, இந்த முக்கோணத்தைத் தொடுங்க. சத்தம் கொறைச்சே வைங்க.

அந்தா, அதுதான் நான். பட்டுச் சட்டை. பின்னால வர்றா பாருங்க, அரக்குச் சேலை. அதான் இந்திராணி. இப்பக் கேளுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

முடிஞ்சுதா?

கேக்குதா. தெளிவாவா. என்னங்கிறா?

ம். "என்னங்க, பிள்ளை கையைப் பாருங்க, நேத்து அந்தப் பையன் முறுக்கியிருக்கான், பிள்ளை வேணாங்கிறா." ம். அப்புறம் அந்தக் கத்தல். அதுக்கப்புறம் மேளம்தானா? ஒண்ணுமே புரியலையா? புரியாது. அந்த மேளத்துல எப்படிப் புரியும்? "நிறுத்திருங்க, ஊரு சிரிச்சா சிரிக்கட்டும், பழியை என் மேல போட்டுருங்க, நான் பாத்துக்கறேன்"னு...

அப்படித்தான் சொல்லியிருப்பா. அவ குணம் எனக்குத் தெரியும்ல தம்பி. குணத்தை வச்சுச் சொல்றேன்.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? ஃபோனைக் குடுங்க.

வந்துருச்சு. ஒரு கை பிடிங்க, அப்படியே, கீழ தாங்குங்க. முட்டியே மரத்துப் போச்சு. அந்தா நிக்கிறா பாருங்க, பச்சைச் சுடிதார். சொன்ன மாதிரியே வந்துட்டா. கையில என்ன, பெட்டியா? பெரிய பெட்டியா இருக்கே. தேய்க்கக் குடுத்த துணியை வாங்கிட்டு வந்திருப்பா. எதுக்கு அங்க போயி நிக்கிறா, அது திருப்பூர் பஸ் நிக்கிற இடம்ல? மழை தூறுது, கூரைக்குள்ள ஒதுங்கியிருக்கா. அதான். என்னைப் பாத்துட்டா. ஒரு வார்த்தைதான் சொல்லணும், சொல்லிருவேன், கேக்கலம்மான்னு சொல்லிருவேன்.

எஞ்சினை அணைச்சுட்டான் தம்பி. ஏதாவது பேசுங்க.